கழுவுற பைப்பும் நெளிவு ஹோஸும்

செப்ரெம்பர் 14, ஞாயிறு

இண்டையிலையிருந்து இந்தக் கொப்பியிலை போட்டைப் பற்றின எல்லாத்தையும் எழுதப்போறன். வாற மே மாதம் போட்டை விக்கிறதெண்டு முடிவு. வாங்க வாறவன், என்னென்ன வேலை செய்தனீங்கள், எப்ப செய்தனீங்கள் எண்டு கேப்பான். கேட்டால் தூக்கிக் காட்டலாம். தமிழிலை எழுதினால் அவனுக்கு எப்பிடி விளங்குமெண்டு என்ரை மனுசி மலர் கேட்டா. அது அவன்ரை பிரச்சினை.

முதல் விபரம். போட் இருபத்தெட்டு அடி. ஸ்காபரோவுக்கு வடக்கை இருக்கிற சிம்கோ ஏரியிலை, போட்டுகள் கட்டி வைக்கிற ஒரு மரினாவிலை நிக்குது. உள்ளுக்கு ரெண்டு பேர் படுக்கலாம், ஒரு சின்னக் குசினி, ஒரு கக்கூஸ். சொந்தக்காரர் ரெண்டு பேர். ஒண்டு குகதாசனாகிய நான். மற்றது என்ரை சம்மந்தி பரநிருபசிங்கம்.

சம்மந்தி எண்டு எழுதிப்போட்டு இப்ப யோசிக்கிறன். என்ரை மகள் ஆரணியும் அவற்றை மகன் நிரோஜனும் போன மாதம் விவாகரத்துக் கடுதாசியிலை கையெழுத்து வைச்சிட்டினம். சண்டை சச்சரவு ஒண்டும் இல்லை. ரெண்டும் நல்ல பிள்ளையள், ஒத்துவரேல்லை, அவ்வளவுதான். பெடியன் வேலை எடுத்துக்கொண்டு வன்கூவருக்குப் போயிட்டான். இப்ப அவன்ரை தேப்பன் எனக்கு என்ன முறை? மலரைக் கேட்டன். "ஒரு முறையும் இல்லை" எண்டா.

போட்டின்ரை பேர் இன்னும் பெரிய கரைச்சல். கலியாணம் முடிஞ்ச அடுத்த கோடை ரெண்டு பேரும் சேந்து இதை வாங்கி, பிள்ளையளின்ரை பேரை ஒண்டாக்கி "ஆரணிரோ" எண்டு பின்பக்கம் இங்கிலிசிலை நீல எழுத்து ஒட்டினனாங்கள். மரினாவிலை நிக்கிற வெள்ளையள் எல்லாம் அது இத்தாலிப் பேரெண்டு நினைச்சுக்கொண்டு திரியுதுகள். கழட்டுவமெண்டு போனால், "உங்கடை பிள்ளையின்ரை பேரிலை நான் எப்பிடிக் கத்தி வைக்கிறது" எண்டு அவர் நிக்கிறார். நான் மட்டும் அவற்றை பிள்ளையின்ரை பேரைச் சுரண்டலாமோ? பேர் அப்பிடியே கிடக்கு.

விக்கிற முடிவு எப்பிடி வந்ததெண்டும் எழுதவேணும். போன கிழமை கோப்பிக் கடையிலை இருந்து கதைச்சம்.

"உங்களுக்கு இனிச் சங்கடமாயிருக்கும். விருப்பமெண்டால் வித்துவிடுவம்" எண்டார்.

"எனக்கென்ன சங்கடம்? உங்களுக்குச் சங்கடமெண்டால் விப்பம்."

"சீச்சீ, நான் உங்களுக்காண்டித்தான் சொல்லுறன்."

"நானும் உங்களுக்காண்டித்தான்."

இப்பிடியே ஆளையாள் மரியாதை குடுத்துக் குடுத்து, எழும்பேக்கை பாத்தால் போட் விக்கிறதெண்டு முடிஞ்சு கிடக்கு. சம்மந்தி ஒரு சொல் சொன்னால் மறுத்துக் கதைக்கிற வழக்கம் எங்களிட்டை இல்லை. முறை போனாலும் பழக்கம் போகேல்லை.

எனக்கு இதிலை ஒரு கவலையும் இல்லை. சனிக்கிழமையிலை செய்யிறதுக்கு வீட்டிலை எத்தினை வேலை கிடக்கு.

செப்ரெம்பர் 20, சனி

போனிலை அவற்றை நம்பர் "சம்மந்தி" எண்டு கிடந்தது. மலர் கண்டிட்டு, "இன்னும் என்ன சம்மந்தி?" எண்டு கேட்டா. அவவுக்கு மகளின்ரை விசயத்திலை மனம் ஆறேல்லை. மாத்துவமெண்டால், சம்மந்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. அதோடை பரநிருபசிங்கம் எண்டு அடிச்சு முடிக்கிறதுக்குள்ளை விரல் நொந்துபோகும். "போட்" எண்டு மாத்தி வைச்சன். இப்ப அவர் எடுத்தால் மலர் குசினிக்குள்ளையிருந்து, "இஞ்சை, போட் எடுக்குது!" எண்டு கத்துறா.

நேரிலை கூப்பிடுறது இன்னும் கஷ்டம். நான் "இஞ்சை பாருங்கோ" எண்டு சமாளிக்கிறன். அவர் என்னைக் கூப்பிடுறதுக்குப் பதிலா இருமுறார். இண்டைக்கு உண்மையாவே அவருக்குத் தடிமனும் இருமலும். நான் நாள் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பாத்துக் கழுத்து பிடிச்சுப்போச்சு.

செப்ரெம்பர் 27, சனி

இண்டைக்குக் கக்கூஸ் விசயம்.

போட் ரெண்டு வருசமா மணக்குது. இதை நாங்கள் ரெண்டு பேரும் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. சம்மந்தி வீட்டாரைப் பாத்துக் கக்கூஸ் மணக்குதெண்டு எந்த வாயாலை சொல்லுறது? அவையாலையோ, எங்களாலையோ எண்டெல்லோ அடுத்த கேள்வி வரும். அவர் ஒருநாள் எலுமிச்சம்பழ வாசத்திலை ஒரு சாமானை வாங்கித் தொங்கவிட்டார். நான் அடுத்த கிழமை ஊதுபத்தி கொளுத்தி வைச்சன். "கோயில் மாதிரி இருக்கு" எண்டார். அவ்வளவிலை ரெண்டு வருசம் போச்சு.

இப்ப முறை இல்லாமல் போனபடியாலை உண்மை கதைக்கலாமெண்டு துணிஞ்சன்.

"மணக்குது" எண்டன்.

"அப்பாடா" எண்டார். "மூக்கடைச்சுப்போச்சோ எண்டு நான் உங்களைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தனான்."

மணக்கிற போட்டை ஒருத்தரும் வாங்காயினம். ஆனபடியாலை எங்கையிருந்து மணக்குதெண்டு பிடிக்கவேணும். அதுக்கொரு சோதினை இருக்கு. சுடுதண்ணியிலை துவாயை நனைச்சுப் பிழிஞ்சு, கக்கூசிலையிருந்து கழிவு சேருற ராங்குக்குப் போற ஹோசைச் சுத்திக் கட்டிவிடவேணும். ஆறின பிறகு துவாயை மணந்து பாக்கவேணும். துவாய் மணந்தால் ஹோஸ் ஊறிப்போச்செண்டு அர்த்தம். மலரின்ரை புதுக் குசினித் துவாய் ஒண்டு காரிலை கிடந்தது. கட்டினன். மணந்தன். அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் வெளியிலை நிண்டு ஏரியைப் பாத்தன். அவரும் வாங்கி மணந்தார். அவரும் வந்து ஏரியைப் பாத்தார்.

"ஹோஸ் மாத்தத்தான் வேணும்" எண்டார்.

அவருக்கு இதிலை சொல்லித் தரத் தேவையில்லை. ஸ்காபரோவிலை ஒரு பைப் சாமான் கடையிலை முப்பது வருசம் நிண்ட ஆள். அங்கையே எனக்கொரு பிரசங்கம் வைச்சார். "கக்கூஸ் ஹோஸ் தடிப்பா இருக்கவேணும், அப்பத்தான் மணம் வெளியிலை கசியாது. உள்பக்கம் வழுவழுப்பா இருக்கவேணும், அப்பத்தான் ஒண்டும் ஒட்டாது. ஒரு இடத்திலையும் தொய்ஞ்சு கிடக்கக்கூடாது. தொய்ஞ்சால் தேங்கும், தேங்கினால் மணக்கும். போட்டின்ரை அடித்தண்ணி இறைக்கிறதுக்கு மெல்லிசா, நெளிவு நெளிவா ஒரு ஹோஸ் விக்கிறாங்கள். அதைக் கொண்டுபோய்க் கக்கூசுக்குப் பூட்டுற விசரரும் இருக்கினம். நான் கடையிலை எத்தினை பேரைத் திருப்பி அனுப்பினனான்!"

ஹோஸ் வாங்கிற பொறுப்பு அவருக்கு. குளிர்காலத்துக்குத் தண்ணிக் குழாயளை ஆயத்தம் பண்ணுற பொறுப்பு எனக்கு. நான் விமானச் சாமான் செய்யிற கொம்பனியிலை தரம் பாக்கிற வேலை செய்து ஓய்வெடுத்த ஆள். மற்றவன் செய்ததிலை பிழை பிடிக்கிறதுதான் என்ரை தொழில். ஒரு ஆணி பிசகினாலும் கண்ணிலை குத்தும்.

துவாயைக் குப்பையிலை போட்டிட்டு வந்தன். மலர் தேடிக்கொண்டிருக்கிறா.

ஒக்டோபர் 4, சனி

கழிவு ராங்கை உறிஞ்சி எடுத்தாச்சு. மரினாவிலை உறிஞ்சிற பெடியன் ஒவ்வொருமுறையும் கேக்கிற கேள்வியை இண்டைக்கும் கேட்டான்: "எப்பிடி உங்கடை ராங்க் மட்டும் இவ்வளவு கெதியா நிரம்புது? எத்தினை பேர் இருக்கிறியள்?"

அவனுக்குச் சொல்லேலாது, இஞ்சை எழுதலாம். முதல் கோடையிலை மலர் போட்டிலை வந்து, நடு ஏரியிலை கக்கூசுக்குள்ளை போய், போன வேகத்திலை திரும்பி வந்தா. "கழுவத் தண்ணி எங்கை?" எண்டா. கடதாசிச் சுருளைக் காட்டினன். "போட்டைத் திருப்புங்கோ" எண்டா. திருப்பினன். அடுத்த கிழமையே, கை கழுவுற தொட்டிக்குக் கீழை போற தண்ணிக் குழாயிலை ஒரு மூண்டு வாய் மூட்டுப் போட்டு, அதிலையிருந்து ஒரு சின்ன ஹோஸ் இழுத்து, கக்கூசுக்குப் பக்கத்திலை கழுவுற பைப் ஒண்டு பூட்டினன். அமத்தினால் சீறும். இந்த ஏரியிலை எத்தினையோ போட் நிக்குது, கழுவுற பைப் இருக்கிற போட் இதொண்டுதான். போட்டோடை வந்த விளக்கப் புத்தகத்திலையும் அது இல்லை, ஏனெண்டால் அது நான் பூட்டினது.

பிறகு போட்டைக் கிரேனாலை தூக்கிக் கரையிலை வைச்சாங்கள். தண்ணிக்கு வெளியிலை பாக்க ஏதோ மாதிரிக் கிடந்துது. அவர் அதின்ரை வயித்திலை தட்டிக்குடுத்தார். நான் காணாத மாதிரி நிண்டன்.

ஒக்டோபர் 11, சனி

அவர் ஹோஸ் கொண்டு வந்தார். மெல்லிசு. நெளிவு நெளிவு.

நான் ஹோசைப் பாத்தன். அவரைப் பாத்தன். அவர் வானத்தைப் பாத்தார்.

"நல்லா வளையும்" எண்டார்.

"வளையும்தான்" எண்டன்.

முப்பது வருசம் பைப் கடையிலை நிண்ட மனுசனுக்கு நான் ஹோசைப் பற்றிச் சொல்லலாமோ? மரியாதை எண்டு ஒண்டு இருக்கு. அதுதான் ஒண்டும் சொல்லேல்லை. வேறை காரணம் இல்லை.

மலர் தந்துவிட்ட இடியப்பப் பார்சல் ரெண்டு ஆள் சாப்பாடு. தெரியாமல் கூடக் கட்டிப்போட்டா போலை. வீணாக்கக்கூடாதெண்டு அவருக்கும் குடுத்தன்.

ஒக்டோபர் 18, சனி

பழைய ஹோசைக் கழட்டினம். அதைப் பற்றி எழுதாமல் விடுறது வாசிக்கிறவனுக்கு நல்லது.

புதுசு பூட்டிற முறை: ஹோஸ் முனையைச் சுடுதண்ணியிலை அமிழ்த்தி வைச்சால் இளகும். கொஞ்சம் சட்டி கழுவுற சவுக்காரம் பூசி, குழாய் வாயிலை திருகித் தள்ளவேணும். பிறகு ஒவ்வொரு முனைக்கும் ரெண்டு கிளிப், துருப்பிடியாத கிளிப், போட்டு இறுக்கவேணும். சுடுதண்ணி நான் வீட்டிலையிருந்து சுடுதண்ணிப் போத்தலிலை கொண்டு போனனான். ரெண்டு போத்தல். ஒண்டிலை தேத்தண்ணி. ஹோஸ் முனையை அவர் தேத்தண்ணிக்குள்ளை விட்டிட்டார். வேகமா இளகினது, அதைச் சொல்லத்தான் வேணும். எங்களுக்குத்தான் குடிக்க ஒண்டும் இல்லை. ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சு, கடைசியிலை எனக்கு விலா நொந்துது.

ஹோஸ் நடுவிலை நல்லாத் தொய்ஞ்சு கிடக்கு. ஒரு தாங்கி வைச்சு உயத்தலாம். அவர் வைக்கேல்லை. நானும் கேக்கேல்லை.

ஒக்டோபர் 25, சனி

குளிர்கால ஆயத்தம். இதிலைதான் கவனம் வேணும். குழாய்க்குள்ளை ஒரு சொட்டுத் தண்ணி நிண்டாலும் தை மாதக் குளிரிலை உறைஞ்சு, வீங்கி, குழாயை வெடிப்பிச்சுப்போடும். ஆனபடியாலை நல்ல தண்ணி ராங்கை முழுக்க வடிச்சிட்டு, உறையாத பிங்க் தண்ணி விட்டு, பம்பைப் போட்டு, ஒவ்வொரு வாயாலையும் பிங்க் வருமட்டும் திறந்து விடவேணும். காருக்கு விடுறதை விடக்கூடாது, அது நஞ்சு. போட்டுக்கெண்டு தனியா விக்கிறதைத்தான் விடவேணும்.

குசினிப் பைப்: பிங்க் வந்தது. கை கழுவுற தொட்டி: வந்தது. குளிக்கிற பைப்: வந்தது. கக்கூசுக்கு ஏரித் தண்ணி எடுக்கிற ஹோசைக் கழட்டி, பிங்க் வாளிக்குள்ளை விட்டுக் கையாலை பம்ப் அடிச்சன். கோப்பைக்குள்ளை பிங்க் வந்து, ராங்குக்கும் போனது. கலியாண வீட்டுச் சர்பத் மாதிரி வடிவா இருந்தது.

"எல்லாம் முடிஞ்சுதோ?" எண்டு மேலையிருந்து கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சுது" எண்டன்.

பிறகு வெள்ளைப் பொலித்தீனாலை போட்டை முழுக்க மூடிக் கட்டினம். இனி மே மாதம் வரைக்கும் ஒரு வேலையும் இல்லை. சந்திக்கவும் தேவையில்லை. அவர் கார் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டார். "அப்ப சரி" எண்டார். "அப்ப சரி" எண்டன். அவர் போய் நாலு பேரோடை கதைக்கிறதுக்கு அவற்றை அப்பார்ட்மெண்டிலை ஆர் இருக்கினம்? மனுசி செத்து எவ்வளவு காலம். மகனும் அங்காலை போயிட்டான்.

அது என்ரை அலுவல் இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

சனிக்கிழமை முழுக்க அலுமாரி அடுக்கினன். மலர் பின்னாலை வந்து திருப்பி அடுக்கினா.

நவம்பர் 29, சனி

நல்ல காலம், பனி கொட்டினது! போட்டுக்கு மேலை பனி நிண்டால் பொலித்தீன் கிழிஞ்சுபோகும். உடனை "போட்"டுக்கு அடிச்சன். முதல் மணியிலையே எடுத்தார், அவரும் பனியைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவராம். போய் ரெண்டு பேரும் விளக்குமாறாலை தட்டினம். ஒரு சின்ன வேலைதான். பிறகு காருக்குள்ளை ஹீற்றரைப் போட்டிட்டு மத்தியானம் திரும்புமட்டும் இருந்து கதைச்சம். ஊரிலை அவையின்ரை பள்ளிக்கூடமும் எங்கடையும் விளையாடின கிரிக்கெட் மாட்ச் பற்றி. அவை தோத்தவை. அதை அவர் இன்னும் ஒத்துக்கொள்ளுறார் இல்லை. சம்மந்தியா இருந்த காலத்திலை நான் அதைச் சொல்லிக்காட்டினதில்லை. இப்பச் சொன்னன். என்ன சந்தோசம்!

"குளிர்காலத்திலை போட்டுக்கு என்ன வேலை?" எண்டு மலர் கேட்டா. பனியைச் சொன்னன். "இஞ்சை வீட்டு வாசலிலையும் பனி கிடக்கு" எண்டா.

ஜனவரி 14, புதன்

பொங்கல். மலர் ஒரு டப்பாவிலை பொங்கல் போட்டு மேசையிலை வைச்சா. ஆருக்கெண்டு கேட்டன். "ஆருக்குமில்லை, மிஞ்சினது" எண்டா. பொங்கி அரை மணித்தியாலம் ஆகேல்லை, அதுக்குள்ளை மிஞ்சிப்போச்சாம்.

கொண்டுபோய்க் குடுத்தன். போட்டைப் பற்றிக் கதைக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

சரியான குளிர். மூக்கு விறைச்சுப்போச்சு. அந்தச் சின்ன ஹோசுக்குள்ளை நிக்கிற தண்ணி இப்ப என்ன பாடோ.

பொதுவா எல்லா ஹோசையும்தான் சொல்லுறன்.

பெப்ரவரி 14, சனி

ஆரணி வந்தவள். சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை, "அப்பா, போட்டை ஏன் விக்கிறியள்?" எண்டாள்.

"உனக்குச் சங்கடமெல்லோ பிள்ளை."

"எனக்கென்ன சங்கடம்? பிரிஞ்சது நாங்கள். உங்கள் ரெண்டு பேரையும் ஆர் பிரியச் சொன்னது? நிரோவும் கேட்டவன், அப்பாக்கள் ஏன் இப்பிடி நிக்கினமெண்டு."

விப்பமெண்டு அந்த மனுசன் வாயாலை சொன்ன பிறகு, நான் போய் வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது? அவருக்கு உண்மையாவே விக்கிற எண்ணம் இருந்தால்? என்ரை முகத்துக்காண்டி வைச்சிருப்பம் எண்டுவார், மனசுக்குள்ளை கஷ்டப்படுவார். அதைவிட விக்கிறது நல்லது.

"போட் பழசு" எண்டன்.

மலர் எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டிட்டுத் தன்ரை கோப்பையைப் பாத்துக்கொண்டு இருந்தா.

மே 9, சனி

போட் திரும்பத் தண்ணியிலை, நல்ல தண்ணி ராங்கும் நிரப்பியாச்சு. விளம்பரம் போட்டாச்சு. கோர்டன் எண்டொரு ஓய்வெடுத்த மனுசனும் மனுசி லிண்டாவும் மாதக் கடைசியிலை வந்து பாக்கினமாம்.

வாங்கிறவை வரமுந்திக் கக்கூசைப் பாவிச்சுச் சோதிக்கவேணுமெண்டு அவர் சொன்னார். அது நியாயம். அவர் போய்ச் சோதிச்சார். நானும் சோதிச்சன். பின்னேரம் அவர் திரும்பவும் சோதிச்சார்.

"தண்ணிப் பம்பைப் போட்டுப் பாக்கேல்லையோ?" எண்டு கேட்டார்.

"இப்ப என்ன அவசரம்" எண்டன். கழுவப் போத்தல் தண்ணி கொண்டு போனனான்.

மே 23, சனி

வெய்யில் தொடங்கீட்டுது. இண்டைக்கும் ரெண்டு பேரும் நல்ல கவனமாச் சோதிச்சம். போட்டுக்குள்ளை ஒரு வாசம் தலை காட்டுது. அவர் மூக்கை உறிஞ்சினார். நான் ஏதும் சொல்லுவனெண்டு பாத்தார்.

"காத்து நல்லா வருது" எண்டன்.

மே 30, சனி

கோர்டனும் லிண்டாவும் வந்தினம். நல்ல சனங்கள். அதுதான் எனக்குக் கவலை. நல்ல சனங்களெண்டால் வாங்கிப்போடுவினம்.

கோர்டன் பின்பக்கம் நிண்டு பேரைப் பாத்திட்டு, "இத்தாலியிலை எந்தப் பக்கம்?" எண்டு கேட்டான். "யாழ்ப்பாணப் பக்கம்" எண்டு அவர் சொன்னார். எஞ்சினைப் பாத்தான், பிடிச்சுக்கொண்டுது. படுக்கையைப் பாத்தான், பிடிச்சுக்கொண்டுது. என்ன வேலையெல்லாம் செய்தனீங்கள் எண்டு கேட்டான். கொப்பியைக் குடுத்தன். ரெண்டு பக்கம் புரட்டிப்போட்டு, "வடிவான கையெழுத்து" எண்டு திருப்பித் தந்தான். அதுவும் பிடிச்சுக்கொண்டுது.

லிண்டாதான் கக்கூஸ் கதவைத் திறந்தா. திறந்த கையோடை மூடினா. முகம் ஒரு மாதிரிப் போச்சு. "கோர்டன்" எண்டு மெல்லமாக் கூப்பிட்டா. அவன் குனிஞ்சு உள்ளுக்குத் தலையை விட்டான்.

"தண்ணி எல்லாம் வேலை செய்யுதோ?" எண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டான்.

நான் பம்ப் சுவிச்சைப் போட்டன். இதை ஒரு தரம் நிப்பாட்டி யோசிச்சிருக்கலாம். யோசிக்கேல்லை.

முதல் ஒரு "டிக்" எண்டு சத்தம். பிறகு தொட்டிக்குக் கீழையிருந்து தண்ணி சீறிக்கொண்டு வந்து, கதவிலை அடிச்சு, கோர்டனின்ரை நெஞ்சிலை பட்டு, லிண்டாவின்ரை தொப்பியைக் கழட்டிக்கொண்டு போச்சு. கழுவுற பைப்பும் தன்ரை பாட்டிலை பாம்பு மாதிரி எழும்பி நாலு பக்கமும் அடிச்சுது. நான் சுவிச்சைத் தேடுறன், அவர் துவாயைத் தேடுறார், கோர்டன் படியைத் தேடுறான். நிப்பாட்டின நேரம் நாலு பேரும் தோய்ஞ்சு நிண்டம்.

கோபிக்கேல்லை, அதைச் சொல்லவேணும். "இதுகளைத் திருத்தினால் எனக்கு அடியுங்கோ" எண்டு நம்பரைத் தந்திட்டுப் போனான். லிண்டா போறபோக்கிலை, "அந்தப் பைப் என்னத்துக்கு?" எண்டு கேட்டா. சொன்னன். கொஞ்சம் யோசிச்சா. "கெட்டித்தனமான விசயம்" எண்டிட்டு ஈரத் தொப்பியோடை போனா.

நாங்கள் ரெண்டு பேரும் ஈரத்தோடை இருந்தம். அவர் தொட்டிக்குக் கீழை கையை விட்டு, அந்த மூண்டு வாய் மூட்டைக் கழட்டி எடுத்தார். ஒரு பக்கத்தாலை நீட்டுக்கு வெடிச்சுக் கிடந்தது. வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தார்.

"இதுக்குள்ளை பிங்க் போகேல்லை" எண்டார்.

"மறந்துபோனன்."

"முப்பது வருசம் மற்றவன்ரை பிழை பிடிச்ச ஆள்."

"ஓம். அந்த ஹோசை முப்பது வருசம் ஒருத்தருக்கும் விக்காமல் திருப்பி அனுப்பின ஆள் மாதிரித்தான்."

அவர் எழும்பி வெளியிலை போனார். நான் பயந்துபோனன், கோவிச்சுக்கொண்டு போறாரோ எண்டு. எட்டிப் பாத்தால், காரின்ரை டிக்கியைத் திறந்து ஏதோ இழுக்கிறார். தோளிலை போட்டுக்கொண்டு வந்து என்ரை காலடியிலை தொப்பெண்டு போட்டார். வெள்ளை ஹோஸ். தடிப்பு. உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. இவ்வளவு நாளும் டிக்கிக்குள்ளை சுருண்டு கிடந்த மடிப்புக்கூட மாறேல்லை.

"ஒக்டோபரிலை வாங்கினனான்" எண்டார். "ரெண்டும் ஒரே நாளிலை."

நான் ஜக்கெற்றின்ரை உள் பொக்கற்றுக்குள்ளை கையை விட்டு, புது மூண்டு வாய் மூட்டை எடுத்து ஹோசுக்கு மேலை வைச்சன். கடையின்ரை பிளாஸ்ரிக் உறைகூடப் பிரிக்கேல்லை.

அவர் அதைப் பாத்தார். என்னைப் பாத்தார். பிறகு தொடங்கிச்சுது சிரிப்பு. வயசு போன ரெண்டு பேர் மணக்கிற போட்டுக்குள்ளை ஈரத்தோடை இருந்து இப்பிடிச் சிரிக்கிறதைப் பக்கத்துப் போட்டுக்காரன் எட்டிப் பாத்திட்டுப் போனான். சிரிச்சு முடியேக்கை அவர் கண்ணைத் துடைச்சார். அது தண்ணி பட்டதாலை இல்லை.

"போட் போனால் சனிக்கிழமையிலை நான் எங்கை போறது?" எண்டார். "நாலு சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? உங்களுக்கு விக்க விருப்பமெண்டு நினைச்சுத்தான் நான் விப்பமெண்டனான்."

"உங்களுக்கு விருப்பமெண்டு நினைச்சுத்தான் நானும் ஓமெண்டனான்."

"விசரர் ரெண்டு பேர்" எண்டார்.

"என்னிலும் பாக்க ரெண்டு வயசு மூத்த விசரர் நீங்கள்தான், பரம் அண்ணை."

வாயிலை வந்திட்டுது. இவ்வளவு வருசம் கூப்பிடாத பேர், "இஞ்சை பாருங்கோ" இல்லாமல், தன்ரை பாட்டிலை வந்திட்டுது. அவரும் இருமாமல், "என்ன தம்பி?" எண்டார்.

வீட்டை வந்து போனிலை பேரை மாத்தினன். எனக்குச் சரியான சந்தோசம். அதை ஒளிக்க ஒண்டும் இல்லை, இனி இந்தக் கொப்பியை ஒருத்தனுக்கும் காட்டத் தேவையில்லையே.

யூன் 6, சனி

வெள்ளை ஹோஸ் பூட்டியாச்சு. ஒரு இடத்திலையும் தொய்வு இல்லை, நடுவிலை ரெண்டு தாங்கி வைச்சிருக்கு. சுடுதண்ணி ஒரு போத்தல், தேத்தண்ணி ஒரு போத்தல், ரெண்டிலும் பேர் எழுதி ஒட்டினனான். மூண்டு வாய் மூட்டும் மாத்தியாச்சு. கழுவுற பைப் சீறுது. சுடுதுவாய்ச் சோதினை பாத்தம், துவாய் துவாய் மாதிரித்தான் மணந்துது.

மலர் தானும் வாறனெண்டு வந்தா. "ஒரு முறையும் இல்லை" எண்டு போன வருசம் நிண்டவ. வந்து கூடையைத் திறந்தால் மூண்டு கோப்பை, மூண்டு பார்சல்.

"எப்பிடி மலர் தெரியும், அண்ணையும் வாறாரெண்டு?" எண்டன்.

"ஒக்டோபரிலையிருந்து ஒவ்வொருக்காலும் ரெண்டு பார்சல் கட்டித் தாறன். நீங்கள் ரெண்டையும் திண்டிருந்தால் வெடிச்சுச் செத்திருப்பியள்" எண்டா. பிறகு பரம் அண்ணையைப் பாத்து, "சம்பல் கொஞ்சம் உறைப்பு, பாத்துச் சாப்பிடுங்கோ அண்ணை" எண்டா. அவர் குனிஞ்சு பார்சலைப் பிரிச்சார். பிரிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துது.

மலர் கழுவுற பைப்பைப் பரிசோதிக்கவெண்டு உள்ளுக்குப் போனா. அந்த நேரம் பாத்துக் கோர்டன் போன் எடுத்தான். எல்லாம் திருத்தியாச்சோ, திருத்தியாச்செண்டால் இண்டைக்கே வாறனெண்டு நிக்கிறான். லிண்டாவுக்கு அந்தப் பைப் மனசை விட்டுப் போகேல்லையாம்.

நான் பரம் அண்ணையைப் பாத்தன். பரம் அண்ணை வெள்ளை ஹோசைப் பாத்தார். நான் போனைப் பொத்திக்கொண்டு, "கோர்டன் இண்டைக்கே வாறானாம்" எண்டு அவருக்குச் சொல்ல, கக்கூசுக்குள்ளையிருந்து மலர் கத்தினா:

"இன்னும் மணக்குதெண்டு சொல்லுங்கோ!"